ஃபீஸ் பணத்தில் சீர் செய்தால்?

கேள்வி: வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் வேலை. மாதம் 11,500 ரூபாய். வயது 33, ப்ளஸ் டூ படித்திருக்கிறேன். பஞ்சுத் தூசியால் இருமல் நிற்பதே இல்லை. அதனால் திண்டுக்கல்லில் ஓராண்டு நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சியில் சேர்ந்து, இரவு ஷிஃப்ட் முடிந்து வகுப்புக்குப் போகிறேன். கட்டணம் 45,000, மூன்று தவணை. முதல் தவணைக்கு ஒரு பவுன் சங்கிலியை அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு வைத்தேன். இரண்டாம் தவணைக்குச் சேர்த்தது நாத்தனார் மகள் காதுகுத்துக்குப் போய்விட்டது. பாக்கி கட்டினால்தான் தேர்வு என்கிறார்கள். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. குழுக் கடன் 40,000 கிடைக்கும். பயிற்சி மையம் ஆப் மூலம் ‘வட்டியில்லாத் தவணை’ என்கிறது. இன்னொருவர் 60,000 கட்டினால் வளைகுடாவில் வேலை என்கிறார். எதை எடுக்கட்டும்? பேசாமல் ஏஎன்எம் என்ற துணைச் செவிலியர் படிப்பைப் படிக்கலாமா?

பதில்: மூன்று வழிகளைக் காட்டி எது நல்லது என்று கேட்கிறீர்கள். எனக்கு உறுத்தியது உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் 12,000, அதற்கு முன் ஒரு வளைகாப்புக்கு 5,000, பெரியவர் ஒருவர் இறந்ததற்குச் செய்முறை 6,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு மாதத்தில் 23,000. மாதத்துக்கு 3,000 ரூபாய்க்கு மேல். நீங்கள் கட்ட வேண்டிய பாக்கியோ 30,000. உங்களுக்குப் பணம் வராமல் இல்லை. ஃபீஸ் பணம் அஞ்சறைப்பெட்டிக்குள் ரொக்கமாக இருந்தது, யாருக்கோ விசேஷம் வந்தது, எடுத்துக் கொடுத்தீர்கள். புதுக் கடன் வாங்கி அதே பெட்டியில் வைத்தால் அதுவும் அப்படித்தான் போகும்.

மொய் திரும்பி வரும் என்பீர்கள். வரும், உங்கள் மகள் சடங்குக்கு. அவளுக்கு இப்போது ஆறு வயது. பரீட்சைக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது.

சரி, கடன்களைப் பார்ப்போம். குழுக் கடன் 40,000-க்கு ஆண்டு வட்டி 24 சதவீதம், இரண்டு வருடம் என்று வையுங்கள்: மாதம் சுமார் 2,115, மொத்தம் 50,700-க்கு மேல். தேவை 30,000, எதற்கு 40,000? மிச்சம் 10,000 எந்த வீட்டு விசேஷத்துக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

‘வட்டியில்லாத் தவணை’ இன்னும் மோசம். 30,000 கடனில் செயலாக்கக் கட்டணம் என்று 3,000 முதலிலேயே பிடித்துவிட்டு, மாதம் 5,000 வீதம் ஆறு மாதம் கட்டச் சொல்கிறார்கள். கைக்கு வருவது 27,000, கட்டுவது 30,000. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 35 சதவீதத்தைத் தாண்டுகிறது. வட்டி என்ற சொல் மட்டும்தான் அதில் இல்லை.

வளைகுடாக்காரரிடம் பதிவு எண் கேளுங்கள். அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். சான்றிதழே கையில் இல்லாதவரிடம் 60,000 கேட்பவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஏஎன்எம் நல்ல படிப்பு. அதற்கு நர்சிங் கவுன்சில் பதிவு உண்டு, உங்கள் பயிற்சிக்கு இல்லை. ஆனால் முழுநேரமாக இரண்டு வருடம் படிக்க வேண்டும். சம்பளம் மட்டும் 2,76,000 போகும், கட்டணம் தனி. முதல் தவணை கட்டுவதற்கு முன் யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது. (உங்கள் சொந்தத்தில் வேறு யாராவது சேர ஆசைப்பட்டால், அரசுத் திறன் பயிற்சித் திட்டங்களில் உங்கள் படிப்பைப் போன்ற ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ பயிற்சி கட்டணமில்லாமல் நடக்கிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.) ஏழு மாதம் தூக்கத்தைக் கெடுத்துப் படித்ததை விட வேண்டாம், முடியுங்கள்.

எப்படி? அடகுக் கடையில் 15,000-க்கு மாதம் 300 வட்டி கட்டுகிறீர்கள். வங்கியிலோ உங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் 30,000-க்கே மாதம் 250தான். காதில் கிடக்கும் அரைப் பவுன் தோட்டை அங்கே வைத்து, அந்தப் பணத்தில் சங்கிலியைத் திருப்புங்கள். அப்புறம் சங்கிலியை அதே இடத்தில் வைத்து இரண்டாம் தவணையை மட்டும் கட்டுங்கள். நகைக்கு எவ்வளவு தர முடியும் என்று அவர்கள் சொல்வார்கள். தேவைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள்.

மூன்றாம் தவணைக்குக் கடனே வேண்டாம். மாதம் 3,000 வீதம் ஐந்து மாதம், 15,000 ஆகிவிட்டது. சம்பளம் வந்த அன்றே பயிற்சி மையத்தின் வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். அப்படிப் பிரித்துக் கட்டச் சம்மதமா, தேர்வு எந்தத் தேதியில், வார்டு பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில் என்று லெட்டர்பேடில் எழுதி வாங்கிய பிறகு முதல் 3,000-ஐப் போடுங்கள். மொத்தத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பாதியில் இடம் மாறிப்போகும் மையங்களும் உண்டு.

நாத்தனாரிடம் ‘பணம் இல்லை’ என்றால் சண்டை வரும். ‘ஃபீஸ் கட்டியாச்சு, இதோ ரசீது’ என்று காட்டலாம். அதையும் நீங்கள் சொல்லாதீர்கள், உங்கள் கணவர் சொல்லட்டும், அவருடைய தங்கைதானே.

வைகாசியில் கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். 501 ரூபாய் மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டு, ஷிஃப்டுக்கு நேரத்தோடு கிளம்பி வந்துவிடுங்கள்.