ஏரிக்கரைப் பூங்காவும் ஆர்.வி.யும்: டாலஸ் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வி மேலூரில் உங்கள் அப்பா மூலமாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. அவரும் அம்மாவும் மே கடைசியில் டாலஸ் வருகிறார்கள், படுக்கை, சமையல் இடம், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியான ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஊருக்கு வெளியே ஏரிக்கரை பார்க் ஒன்றில் இரண்டு நாள் தங்கலாமா, அங்கே ‘டே யூஸ்’ என்று போட்டிருப்பதால் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் லீவில் மதுரையில்தான் இருக்கிறேன். மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாத வெயில், அதனால் சாவகாசமாகவே எழுதுகிறேன்.

சிக்கல் வரும். ‘டே யூஸ்’ என்றால் பகலில் மட்டும்தான் இருக்கலாம். சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். “வண்டிக்குள்ளேதானே படுத்திருக்கிறோம்” என்ற பேச்சு பார்க்கைக் கண்காணிக்கும் ரேஞ்சரிடம் எடுபடாது, அபராதம்கூட விழலாம். கரண்ட், தண்ணீர் இணைப்பும் அநேகமாக இருக்காது. ஜூன் வெயிலில் ஏசி போட ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும். அதற்கு வாடகைக் கம்பெனிகள் பலவும் மணிக்கு இவ்வளவு என்று தனியாகக் காசு வாங்கும், பக்கத்து மேஜைக்காரர் முறைப்பதும் சேர்த்தி.

அதனால் முதலில் ராத்திரிக்கு இடம் பாருங்கள், பகல் அப்புறம். லாவன், லூயிஸ்வில், டெக்சோமா போன்ற ஏரிகளை ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் என்ற அரசு அமைப்பு நிர்வகிக்கிறது. பகலில் மட்டும் திறந்திருக்கும் பார்க், ராத்திரி வண்டியோடு தங்கும் கேம்ப்கிரவுண்ட் இரண்டும் ஒரே ஏரியின் கரையில் சில மைல் இடைவெளியில் இருக்கும். கேம்ப்கிரவுண்டில் 30 ஆம்ப் கரண்ட் இணைப்புள்ள இடத்தை ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவு செய்யலாம். பல இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். மே மாதக் கடைசித் திங்கள் மெமோரியல் டே. அந்த நீண்ட வார இறுதியில் மட்டும் போகாதீர்கள். சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளத்துக்குள் கார் ஓட்டின கதையாகிவிடும். வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போக செவ்வாய், புதன்தான் நல்லது.

இன்னொரு விஷயம், இதை அங்கே புதிதாக வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. டெக்சாஸ் ஏரிகள், கேடோ போல ஒன்றிரண்டைத் தவிர, எல்லாமே அணை கட்டித் தேக்கியவை. நம் வைகை அணைக்கு 71 அடியில் இன்றைக்கு எத்தனை அடி என்று பேப்பரில் பார்க்கிறோம் அல்லவா, அங்கேயும் ஏரி மட்டத்தைத் தினமும் இணையத்தில் போடுவார்கள். வெள்ளக் காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒதுக்கிய நிலத்தில்தான் பல பார்க்குகள் இருக்கின்றன. மே, ஜூனில் பெருமழை பெய்தால் பிக்னிக் மேஜை தண்ணீருக்குள் போய்விடும், பார்க்கை மூடிவிடுவார்கள். வெயில் அடிக்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள். மழை விட்டுப் பல நாள் கழித்தும் மட்டம் இறங்காமல் இருக்கும். முந்தின நாள் மட்டத்தைப் பார்த்துவிட்டு ஏரி அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

அதே போனில் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்றும் கேளுங்கள். நீங்கள் எடுக்கப்போவது அநேகமாக கிளாஸ் சி என்ற நடுத்தர ரக ஆர்.வி., 25 அடி நீளம் வரும். கார் நிறுத்தும் கட்டத்தில் அடங்காது. படகு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நீளநீளமான கட்டங்கள் காலியாகக் கிடக்கும், ஆசை காட்டும். அது டிரெய்லரோடு வருகிறவர்களுக்கு, தொடாதீர்கள். உயரமும் 11, 12 அடி இருக்கும். தாழ்வான கூரை, மரக்கிளை வரும்போது மறக்காமல் இருக்க, சரியான அளவை ஸ்டியரிங் எதிரே ஒட்டிவையுங்கள். ஓட்ட சாதாரண லைசென்ஸ் போதும், ஆனால் சில கம்பெனிகள் 25 வயது கேட்கும். தினவாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மைலுக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கு உண்டு, ஒரு காலனுக்கு 8, 10 மைல்தான் கொடுக்கும்.

உங்கள் அப்பா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் தெரியுமா? அழகர்கோயிலுக்குக் கெடா வெட்டப் போகிற வேன் மாதிரி, ஓடும்போதே எழுந்து தூக்குச்சட்டியைக் கைமாற்றலாம், கால் வலித்தால் பின்னால் படுக்கலாம் என்று. வண்டி ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள். நானும் சொன்னேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனாலும் அவருக்குச் சர்க்கரை இருப்பதால் உள்ளேயே கழிப்பறை இருப்பது பெரிய வசதி. மினிவேன் போதுமே என்று நான் சொல்லாததற்கு அது ஒன்றுதான் காரணம். கழிப்பறைத் தண்ணீருக்கு ஒரு டேங்க், சிங்க் தண்ணீருக்கு ஒரு டேங்க். கேம்ப்கிரவுண்டை விட்டுக் கிளம்பும்போது, கழிவுநீரை இறக்கும் இடமான டம்ப் ஸ்டேஷனில் இரண்டையும் காலி செய்ய வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழாயை இரண்டு பக்கமும் இறுக்கமாக மாட்டி, கழிப்பறை டேங்கை முதலில் திறங்கள். அது வடிந்த பிறகு சிங்க் டேங்கைத் திறந்தால் சோப்புத் தண்ணீரே குழாயை அலசிவிடும். அம்மா சிங்கில் எண்ணெய், கறிவேப்பிலை, சோற்றுப் பருக்கை எதையும் விடக்கூடாது. கழுவின தண்ணீரைப் பார்க்கில் தரையில் ஊற்றவும் கூடாது.

சாப்பாடு புளியோதரை, தயிர்சாதம் போதும். கறி சுட வேண்டுமானால் மேஜை பக்கத்தில் இரும்பு அடுப்பு இருக்கும், கரி மட்டும் வாங்குங்கள். தரையில் தீ மூட்டாதீர்கள். ஜமுக்காளம் விரிக்கும் முன் மண்ணைப் பாருங்கள். கொஞ்சம் புழுதி குவிந்திருந்தாலும் நெருப்பெறும்புப் புற்றாக இருக்கலாம், ஒரு காலுக்கு நூறு ஏறிக் கடிக்கும். அப்பா தூண்டில் போட ஆசைப்பட்டால் லைசென்ஸ் எடுங்கள், கண்மாய் மீன் கணக்கு அங்கே செல்லாது.

தண்ணீரில் இறங்கும் இடத்தில் காவலுக்கு ஆள் இருக்கமாட்டார். கலங்கல் தண்ணீர், சட்டென்று ஆழமாகும். பல கரைகளில் லைஃப் ஜாக்கெட்டை ஒரு பலகையில் இலவசமாக மாட்டிவைத்திருப்பார்கள், எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம். வழியில் சிக்னல் போய்விடும், மேப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

கேம்ப்கிரவுண்ட் உறுதியான பிறகு வண்டிக்குப் பணம் கட்டுங்கள், மாற்றிச் செய்து, இடம் கிடைக்காமல் வண்டியை ரத்து செய்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். எங்குமே இடம் கிடைக்கவில்லையென்றால் மினிவேனும் பக்கத்து ஊர் மோட்டலும் போதும். வழியில் கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்குகளை மட்டும் முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.