ரோஸ்மில்க் குடிக்கும் சீனியர்

அன்புள்ள அக்கா,

தாய்லாந்துத் தொடர்களைப் பற்றிய உங்கள் குறிப்பில் 'சோட்டஸ்' பெயரைப் பார்த்துவிட்டு அன்றிரவே ஆரம்பித்தேன். 15 எபிசோடையும் நாலு நாளில் முடித்துவிட்டேன். சீனியர் ஆர்த்தித்தும் அவனைக் காதலிக்கும் முதலாண்டு மாணவன் கொங்பொப்பும் பாலத்தில் நிற்கும் இடத்தில் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி முதல் எபிசோடில் பத்து நிமிஷம் கூட உட்காரவில்லை. அவன் ராகிங் தாங்காமல் ஒரு இன்ஜினியரிங் காலேஜை விட்டு வந்தவன். "இதையெல்லாம் லவ் ஸ்டோரின்னு பாக்குறியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். அதன்பின் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கத்தி மிரட்டுகிற ஒருவனை நான் எப்படி ரசித்தேன்? அந்த 'பொண்டாட்டி' வசனம் வேறு. "நல்ல மனசோடு எடுத்த தொடர்" என்று எழுதியிருந்தீர்கள். எந்த மனசைச் சொல்கிறீர்கள்? இரண்டாம் பாகமும் பார்க்கலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் தம்பி எழுந்து போனது நியாயம். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டு, அடுத்த ஆண்டே ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலத்துக்காரர்கள் நாம். முதலாண்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துச் சீனியர்கள் கத்துவதைப் பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்கத்தான் வேண்டும்.

சோட்டஸ் என்பது மூப்பு, ஒழுங்கு, மரபு, ஒற்றுமை, உணர்வு என்ற ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகள். தொடருக்காகக் கண்டுபிடித்த சொல் அல்ல. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் பல தலைமுறையாகப் புழங்கும் முறையின் பெயர். கத்துவதற்கென்றே நியமிக்கப்படும் சீனியருக்கு 'பி வாக்' என்று பட்டம். (பி என்றால் மூத்தவர். நெடிலாக எழுதினால் தமிழில் விபரீதம்.) தொடர் வெளியான அதே 2016இல்தான் சூலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் நெட்டிவிட் என்ற முதலாண்டு மாணவர், ஐந்தாம் ராமா மன்னரின் சிலைமுன் எல்லோரையும்போல விழுந்து வணங்க மறுத்து, நின்றபடியே தலைகுனிந்தார். கேள்வி அப்போதே அங்கே எழுந்துவிட்டது.

தொடரும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. கூட்டத்திலிருந்து எழுந்து எதிர்த்துப் பேசுகிறான் கொங்பொப். இன்ஜினியரிங் மாணவர்களுக்கு உயிரான அந்தக் கியரை (பல்சக்கர வடிவச் சின்னம்) எப்படி வாங்குவாய் என்று ஆர்த்தித் கேட்க, உங்களைப் பொண்டாட்டி ஆக்கிக்கொள்வேன், பொண்டாட்டி பொருள் புருஷன் பொருள்தானே என்கிறான். உங்களுக்கு உறுத்திய இடம். எனக்கும் உறுத்தியது, ஆனால் ஆபாசம் என்பதால் அல்ல. அதிகாரத்தை எதிர்க்க எழுந்தவனுக்கு வாயில் வந்தது இன்னொரு அதிகாரம். சீனியர்–ஜூனியர் ஏணியைக் கவிழ்க்க அவன் கையிலெடுத்தது புருஷன்–பெண்டாட்டி ஏணி. ஓர் ஆணை மட்டம் தட்ட அவனைப் பெண்ணாக்கினால் போதும் என்று அவனும் நினைக்கிறான், எழுதியவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

இனி நல்ல மனசுக்கு வருகிறேன். இந்த ஆர்த்தித் ஊரையே மிரட்டுவான், ஆனால் அவன் குடிப்பது இளஞ்சிவப்புப் பால். அங்கே 'நொம் யென்' என்பார்கள், ஏறக்குறைய நம் ரோஸ்மில்க். அது கொங்பொப்புக்குத் தெரிந்துபோவதுதான் ஆர்த்தித்தின் பெரிய சங்கடம். பெயரைக் கவனித்தீர்களா? ஆர்த்தித் என்றால் சூரியன், நம் ஆதித்தன்தான். அந்தச் சூரியன் வெட்கப்படக் கற்றுக்கொள்வதைத் தொடர் அவசரப்படாமல் காட்டுகிறது. எட்டாம் ராமா பாலத்துக்கு வந்து சேரும்போது அவன் குரலில் அதட்டல் மிச்சமில்லை. நீங்கள் அழுதது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். மிரட்டலை ரசித்ததாக உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, காதலித்த பிறகும் கொங்பொப் 'பி ஆர்த்தித்' என்றுதான் அழைக்கிறான். ஆங்கில சப்டைட்டில் இதை விழுங்கிவிடும். வயது தெரியாமல் யாரையும் விளிக்கத் தெரியாத நமக்குப் புரியும். நம்மிடமாவது அத்தான், மாமா என்று காதலுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. அங்கே அதே ஒரு சொல் மைதானத்தில் பயத்தையும் அறைக்குள் பிரியத்தையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

கோளாறும் இங்கேயேதான் இருக்கிறது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம்மூரில் சொல்வார்களே, தொடரின் மொத்த தத்துவமும் அதுதான். கத்துகிற சீனியர்கள் உள்ளுக்குள் அக்கறையுள்ளவர்கள் என்று நமக்குத் திரும்பத் திரும்ப ரகசியம் சொல்கிறது. இந்த சீனியர்கள் அப்படி இருக்கலாம். ஆனால் 2022இல் தாய்லாந்தின் நகோன் ரட்சசீமாவில் ராகிங்கில் அடிபட்டு 19 வயது மாணவன் ஒருவன் இறந்தான். அந்தக் கை அணைக்கவில்லை.

இதைவிட எனக்குப் பொறுக்காதது முடிவு. முதல் நாள் எதிர்த்து நின்ற கொங்பொப், கடைசியில் தலைமை 'பி வாக்' ஆகிப் புதிய பிள்ளைகள் முன் நிற்கிறான். காதல் இரண்டு பேரை மாற்றியிருக்கிறது. பதவி மட்டும் அப்படியே இருக்கிறது, ஆள்தான் வேறு. எடுத்தவர்கள் இதைச் சோகமாக எடுக்கவில்லை, பெருமையாக எடுத்திருக்கிறார்கள். நல்ல மனசு என்று நான் எழுதியதில் இந்த வெகுளித்தனமும் சேர்த்திதான். அதை அந்தக் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. ஹாஸ்டலில் என்னை முதல் வாரம் ஸ்டூலில் ஏற்றிப் பாட வைத்தார்கள். அறைக்கு வந்து போர்வைக்குள் அழுதேன். அடுத்த வருஷம் ஒரு பெண்ணை அதே ஸ்டூலில் ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி. அன்று இரவு அவளுக்குப் பிஸ்கட் கொண்டுபோய்க் கொடுத்தேன், ரொம்ப நல்லவள் மாதிரி.

இரண்டாம் பாகம் பாருங்கள். ஆர்த்தித் படிப்பை முடித்து ஒரு எலெக்ட்ரிக் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் சேர்ந்திருப்பான். அங்கே அவன்தான் கடைக்குட்டி. அலுவலகத்தில் எல்லோரும் அவனுக்கு 'பி'. தம்பி பார்க்க மாட்டார். கூப்பிட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா