குறள் தெரிகிறது, கோபம் போகவில்லையே!

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். வீட்டில் மனைவி, பத்தாவது படிக்கும் மகன்.

சின்ன வயதிலிருந்தே நல்ல விஷயங்களைத் தேடித் தேடிப் படிப்பேன். திருக்குறளில் பாதிக்கு மேல் மனப்பாடம். பட்டிமன்றம், சொற்பொழிவு என்றால் விடமாட்டேன். தினமும் காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு நல்ல வரி வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். கம்பெனியில் எனக்கு நிதானமான ஆள் என்று பேர். போன மாதம் பையர் ஆபீஸிலிருந்து வந்தவர் ஒரு லாட்டையே ரிஜெக்ட் செய்துவிட்டு எல்லார் முன்னாலும் கத்தினார். வாய் திறக்காமல் நின்று கேட்டுக்கொண்டேன்.

வீட்டில்தான் வேறு ஆளாகிவிடுகிறேன். படியில் செருப்பு கலைந்து கிடந்ததற்கு ஒரு நாள் கத்தினேன். மோட்டாரை நிறுத்த மறந்ததற்கு ஒரு நாள். எல்லாம் உள்ளே நுழைந்த கையோடு.

போன செவ்வாய்க்கிழமை பையன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைப் பிடுங்கி வீசிவிட்டேன். பக்கத்தில் விரித்து வைத்திருந்த அறிவியல் நோட்டில் தயிர்சாதம் கொட்டியது. இதயம் படம் வரைந்து பாதி கலர் அடித்திருந்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. சட்டை நுனியால் அந்தப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அன்று காலையில் நான் வைத்திருந்த ஸ்டேட்டஸ் "ஆறுவது சினம்".

"உங்க ஸ்டேட்டஸ் பாக்கறதையே அவன் நிறுத்திட்டான்" என்றாள் மனைவி. அது என்னை அறுக்கிறது. இவ்வளவு தெரிந்தும் ஏன் நடைமுறைக்கு வரவில்லை? இன்னும் என்ன படிக்க வேண்டும்? நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், திருப்பூர்

*

அன்புள்ள சகோதரருக்கு,

புத்தகம் எதுவும் சொல்லப் போவதில்லை. உங்களிடம் இருப்பதே போதும். இப்போதைக்கு ஒரே ஒரு குறளை வைத்துக்கொள்வோம். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள், உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்:

செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கின்என் காவாக்கால் என்.

நம் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குகிறவன்தான் உண்மையில் சினம் காப்பவன். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால்தான் என்ன? பையர் ஆபீஸ் ஆளிடம் உங்கள் கோபம் செல்லாது, அடக்கிவிட்டீர்கள். பதினைந்து வயதுப் பையனிடம் செல்லும். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அடக்கத் தெரியாதவர் இல்லை நீங்கள் என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. தெரிந்த அந்த வித்தையைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். அதை வீடு வரைக்கும் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் நம் கேள்வி.

உங்கள் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். ஆர்டர் வரும்போது "நல்லாத் தைத்துக் கொடுங்கள்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் உங்கள் செக்கிங் டேபிளில் எதை வைத்துப் பீஸைப் பாஸ் செய்வீர்கள்? மார்பு அகலம் இத்தனை, உயரம் இத்தனை, கூடக் குறைய இவ்வளவு போகலாம் என்று மெஷர்மெண்ட் சார்ட் இருப்பதால்தான் டேப்பை எடுத்து வைத்துப் பார்க்க முடிகிறது. "கோபப்படாதே" என்பதில் அளவு இல்லை. கை என்ன செய்ய வேண்டும், கால் எங்கே போக வேண்டும், வாயில் முதலில் என்ன சொல் வர வேண்டும், எதுவும் அதில் இல்லை. அதனால்தான் காலையில் படிக்கும்போது இனிக்கிற வரி ராத்திரி ஒன்பது மணிக்கு உதவிக்கு வருவதில்லை.

அப்புறம், இன்னொன்றைக் கவனித்தீர்களா? நீங்கள் எழுதிய மூன்று சம்பவமும் வீட்டுக்குள் நுழைந்த கையோடு நடந்தவை. பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து, பசியோடு, டிராஃபிக்கில் வண்டி ஓட்டி வந்து இறங்கும் நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் உங்கள் உடம்புக்கு வேண்டியது தண்ணீரும் சோறும். மகனைத் திருத்துகிற தெம்பு அப்போது யாருக்கும் இருக்காது. ஆகவே முழுக் கோபத்தையும் விட்டுவிடுங்கள், இந்தக் கால் மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்று எங்கள் துறையில் பெயர் பெற்றது. 'செய்ய வேண்டும்' என்று வெறுமனே தீர்மானிப்பவர்களைவிட, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று இடமும் நேரமும் சேர்த்து முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதிகம் செய்து முடித்தார்கள் என்பது அவர் கண்டது. உங்களுக்கு அது இப்படி வரும்:

"படியில் செருப்பைப் பார்த்தால், வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நேராகப் போய்க் கை கால் கழுவுவேன்."

அவ்வளவுதான். செருப்பு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் கண்ணில் முதலில் படுவது அது. இதுவரை கோபத்தைக் கிளப்பிவிட்ட அதே செருப்பு இனிமேல் குழாயை ஞாபகப்படுத்தட்டும். கழுவிவிட்டு வந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை படிப்பு, போன், மார்க், மோட்டார் எதைப் பற்றியும் பேச்சில்லை. மகனிடம் முதல் வார்த்தை "சாப்டியா கண்ணு?" என்று இருக்கட்டும். போனைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வயிறு நிறைந்திருக்கும்போது பேசுங்கள். அப்போது அவனும் காது கொடுப்பான்.

சில நாள் தவறும். அதற்கும் இப்போதே ஒரு வரி: "குரல் உயர்ந்துவிட்டால், பேசுகிற வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்று திரும்பி வருவேன்." திரும்பி வருவது முக்கியம். மனைவியிடமும் மகனிடமும் இதை முன்னாலேயே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு வெளியே போவதாக நினைத்து இன்னும் பயந்துவிடுவார்கள்.

ஸ்டேட்டஸ் விஷயம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை, உங்களுக்கு அது உண்மையான ஆசை. ஆனால் ஒரு மாதம் முறையை மாற்றிப் பாருங்கள். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில், இன்று எந்த நேரத்தில் எதைச் செய்யப் போகிறேன் என்று ஒரே வரி எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். "அன்பே பெரிது" என்று எழுத ஆசை வந்தால், அதன் கீழேயே "மதியம் ஒன்றரைக்கு வீட்டுக்குப் போன் செய்து அவள் சாப்பிட்டாளா என்று கேட்பேன்" என்று எழுத வேண்டும். அப்படி எழுத வராத வரியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். ராத்திரி படுக்கும் முன், செய்திருந்தால் ஒரு டிக், இல்லையென்றால் ஒரு கோடு. இந்தத் தாளை யாருக்கும் காட்ட வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அன்னைக்கு நான் பண்ணது தப்பு கண்ணு. நீ வரைஞ்ச படம் வீணாப் போச்சு." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். "ஆனா நீயும்" என்று ஆரம்பித்தீர்களானால் சொன்னது முழுக்கப் போய்விடும். அவன் பதில் சொல்லாமல் எழுந்து போகலாம், போகட்டும். முடிந்தால் புது நோட்டு ஒன்று வாங்கி, அட்டை போட்டு, அவன் பெயர் எழுதி லேபிள் ஒட்டி மேசையில் வையுங்கள். சட்டை நுனியால் அவன் துடைத்ததைக் கவனித்தவர் நீங்கள். அந்தக் கவனம் எனக்கு நிறைய நம்பிக்கை தருகிறது.

தட்டு பறந்திருக்கிறது என்பதையும் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி அப்படி நடந்தாலோ, கை ஓங்கும் நிலை வந்தாலோ, தூக்கம் கெட்டாலோ நேரில் ஆலோசனைக்குப் போங்கள். 14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அப்படியே பிரஷரும் சுகரும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தக் காலண்டர் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். கோடு போட்ட நாள்களையும் சேர்த்து.