பிடுங்கப் பிடுங்க வரும் கோரை

பிடுங்காதீர்கள், கிழங்கோடு தோண்டி எடுங்கள். வாரம் தவறாமல் பிடுங்கியும் காய்கறிப் பாத்தியில் கோரை முன்பைவிட அடர்த்தியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்தப் பிடுங்கல்தான் காரணம். இலை கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி போலக் கோத்திருக்கும். சங்கிலி முழுதாக இருக்கும்வரை பல கிழங்குகள் உறக்கத்தில் கிடக்கும். அறுந்துவிட்டால் அவையும் தனித்தனியே முளைக்கத் தொடங்கும். மண்வெட்டியால் கொத்தினாலும் இதே கதைதான்.

முதலில் அது கோரைதானா என்று பாருங்கள். பூத்த தண்டை விரலுக்கிடையில் உருட்டினால் முக்கோணமாக உறுத்த வேண்டும். உருண்டையாக இருந்தால் வேறு புல்.

கோரைதான் என்றால்:

1. மண் ஈரமாக இருக்கும்போது தோட்டவேலைக்கான பெரிய முள்கரண்டியால் 20, 30 செ.மீ. ஆழத்துக்குக் கிளறி, மண்ணைச் சலித்து, கறுத்த கிழங்குகளைப் பொறுக்குங்கள்.
2. அவற்றை நல்ல வெயிலில் சருகாகக் காயவிடுங்கள். உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அங்கிருந்தே திரும்பி வரும்.
3. அப்புறம் தலைகாட்டும் ஒவ்வொரு முளையையும் நான்கைந்து இலை விடுவதற்குள் தோண்டுங்கள். புதுக் கிழங்கு வைக்க அதற்கு நேரம் கொடுக்கக் கூடாது.

பிளாஸ்டிக் விரிப்பை நம்ப வேண்டாம், கோரையின் முளை ஊசிபோல அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். நிழல்தான் அதற்கு ஆகாது. அதனால் பூசணி மாதிரி படர்ந்து மண்ணை மூடும் செடி நட்டால் உதவும்.

ஒரே பருவத்தில் தீராது. களைக்கொல்லி அடிக்க நினைத்தால், கிளைபோசேட் என்ற களைக்கொல்லி காய்கறிச் செடியையும் சேர்த்தே கொன்றுவிடும்.