சார்ஜர் போட்டா 400 மெகாஹெர்ட்ஸா? தெர்மல் பேஸ்ட் மாத்தாதீங்க, சார்ஜர் பின்னைப் பாருங்க

நண்பா, சார்ஜர் சொருகினா லேப்டாப் ப்ராசஸர் வேகம் வெறும் 400 மெகாஹெர்ட்ஸ்ல நின்னுடுது, சூடு 55 டிகிரிதான், கழட்டினா சரியாயிடுதுன்னு சொல்றீங்க, அப்ப இது தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸர் சூட்டக் கடத்தப் பூசற பசை) பிரச்சனையே இல்ல, தயவுசெஞ்சு பிரிக்காதீங்க. ப்ராசஸர் சூட்டுக்காக தானா வேகத்தக் குறைக்கறது பெரும்பாலும் 100 டிகிரி பக்கத்துலதான்.

ஆனா ப்ராக்ஹாட்னு, வேகத்தக் குறைன்னு சொல்ற ஒரு சிக்னல் லைன் இருக்கு, அத ப்ராசஸர் மட்டுமில்ல மதர்போர்டும் தூண்டலாம், பவர் சர்க்யூட் கொதிச்சாலோ, அடாப்டர் எத்தனை வாட்னு போர்டுக்குத் தெரியலைன்னாலோ. சார்ஜர் முனையில நடுவுல ஊசி மாதிரி ஒரு கம்பி இருக்கா பாருங்க, பல மாடல்ல அந்த வாட் தகவல் அது வழியாத்தான் போகும், அது லேசா வளைஞ்சிருந்தாலே போதும், லேப்டாப் ஓடும் ஆனா வேகத்த மட்டும் கட்டிப்போட்டுடும். எனக்கும் இதேதான், ரெண்டு நாள் ஃபேனைக் கழட்டி மாட்டிட்டு இருந்தேன், கடைசில பாத்தா அந்த ஊசி வளைஞ்சு கெடந்துச்சு.

த்ராட்டில்ஸ்டாப்னு ப்ராசஸர் வேகத்தக் கட்டுப்படுத்தற ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல BD PROCHOT-ங்கற டிக்க (மதர்போர்டு தர்ற ப்ராக்ஹாட் சிக்னலுக்கானது) எடுத்துப் பாருங்க, வேகம் வந்துட்டா இதான் காரணம். அப்படியே விட்டுடாதீங்க, பவர் சர்க்யூட்டுக்கு இருக்கற காவலும் அதோட போயிடும். அதே வாட் உள்ள ஒரிஜினல் அடாப்டர் யார்கிட்டயாவது வாங்கி சொருகிப் பாத்துட்டு இங்கயே சொல்லுங்க.