டார்லிங்டனும் டயரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஸ்டாக் கார் (கடையில் விற்கும் காரையே ஓட்டும்) பந்தயங்களைப் பற்றிய உங்கள் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கோவையில் ஆட்டோமொபைல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 1950ல் டார்லிங்டனில் நடந்த 500 மைல் பந்தயமான முதல் சதர்ன் 500தான் இந்த விளையாட்டின் உண்மையான தொடக்கம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உடன்பாடாக இல்லை. 97 ஹெச்பி பிளிமத் ஜெயித்திருக்கிறது, 160 ஹெச்பி கெடிலாக் தோற்றிருக்கிறது. ஆமை முயல் கதைதானே இது? மற்றவர்களுக்கு டயர் வெடித்தது, இவருக்கு அதிர்ஷ்டம். போதாததற்கு, ஜெயித்த வண்டியில் பந்தயத்தை நடத்திய பில் ஃபிரான்ஸுக்கே பங்கு இருந்திருக்கிறது. அப்புறம் அது எப்படி நேர்மையான பந்தயம்? அந்த ஓட்டுநர்கள் எல்லாம் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் என்கிறார்களே, அது உண்மையா?

கடைசியாக ஒன்று. நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறோம். எஞ்சினில் என்னென்ன மாற்றினால் கூடுதல் சக்தி கிடைக்கும்?

கே

அன்புள்ள கே,

நல்ல நேரத்தில் எழுதினீர்கள். கொஞ்ச நாட்களாக அந்தப் பந்தயத்தின் சுற்றுக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஆமை முயல் என்ற இடத்தில் எரிச்சல் வந்ததை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கதையில் முயல் தூங்குகிறது. டார்லிங்டனில் யார் தூங்கினார்கள்? மொத்தம் 400 சுற்று. அந்தப் பிளிமத்தை ஓட்டிய ஜானி மான்ட்ஸ் ஐம்பதாவது சுற்றிலேயே முன்னால் வந்துவிட்டார். அதன் பிறகு கொடி விழும்வரை 351 சுற்றும் அவர்தான் முதலில். இரண்டாவதாக வந்த ஃபயர்பால் ராபர்ட்ஸ் ஒன்பது சுற்று பின்னால், அதாவது பதினோரு மைலுக்கும் மேலே. அதிர்ஷ்டம் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்காது. படிக்கிற பிள்ளை முடிவுப் பட்டியலில் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாமா?

பில் ஃபிரான்ஸின் பங்கு உண்மைதான். ஃபிரான்ஸ், கர்டிஸ் டர்னர், ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லாண்ட், ஆல்வின் ஹாக்கின்ஸ் நால்வருக்கும் சொந்தமான வண்டி அது. இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது, அன்றைக்கும் செய்திருக்கக் கூடாது. ஆனால் பங்குதாரர் டர்னரே தனியாக ஓர் ஓல்ட்ஸ்மொபில் காரில் முதல் இடத்திலிருந்து கிளம்பி, முடிவுப் பட்டியலில் எங்கோ கீழே கிடந்தார். சொந்தக்காரர் யார் என்பதைப் பார்த்து டயர் வெடிப்பதில்லை. சாராயக் கதையை இதோடு நிறுத்துங்கள். கடத்தியவர்கள் இருந்தார்கள், கடத்தாதவர்களும் இருந்தார்கள். அதில் தெரிந்துகொள்ள வேண்டிய தொழில் விஷயம் ஒன்றுதான். 1949 ஜூன் 19ல் சார்லட்டில் நடந்த, பில் ஃபிரான்ஸின் நாஸ்கார் அமைப்பு தொடங்கிய இந்தத் தொடரின் முதல் பந்தயத்தில் இதே வெஸ்ட்மோர்லாண்டின் ஃபோர்டை ஓட்டி கிளென் டனவே முதலில் வந்தார். சரக்கு ஏற்றினால் பின்பக்கம் தாழாதபடி அந்த வண்டியின் பின் பட்டையை (ஸ்பிரிங் பட்டையை) மாற்றியமைத்திருந்தார்கள். சோதனையில் அது தெரிந்து வெற்றியைப் பறித்து, லிங்கன் ஓட்டிய ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். வெஸ்ட்மோர்லாண்ட் வழக்குப் போட்டுத் தோற்றார். அடுத்த ஆண்டு அவர் பங்கு வைத்திருந்த வண்டி டார்லிங்டனில் ஜெயித்தது.

இப்போது தடம். ஹெரால்ட் பிரேசிங்டன் தெற்குக் கரோலினாவில் பருத்தியும் வேர்க்கடலையும் விளைந்த நிலத்தை வாங்கி 1.25 மைல் தார்த் தடம் போட்டார். நிலத்தைக் கொடுத்த ஷெர்மன் ராம்சியின் மீன் குட்டையைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால் மேற்கு முனையைக் குறுக்க வேண்டிவந்தது. தடம் முட்டை வடிவமாயிற்று. இதைச் சுவையான துணுக்காக மட்டும் எல்லோரும் எழுதுகிறார்கள். அதன் விளைவு என்ன? ஒரு முனை அகலம், ஒரு முனை இறுக்கம். ஒரு முனைக்குச் சரியாக வண்டியை அமைத்தால் மறு முனையில் முன் டயர் அரைபடும். அதுவரை ஸ்டாக் கார்கள் ஓடியது மண் தடங்களிலும் டேடோனா கடற்கரையிலும். மண்ணில் டயர் வழுக்கும், வழுக்குவதால் பாரம் குறையும், சூடும் குறையும். தாரில் டயர் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டு 500 மைல் ஓடினால் என்ன ஆகும் என்பது 1950 செப்டம்பர் 4 காலையில் அங்கே நின்ற 75 வண்டிக்காரர்களில் அநேகம் பேருக்குத் தெரியாது. மான்ட்ஸுக்குத் தெரியும். கலிஃபோர்னியாக்காரர், அதற்கு முந்தைய ஆண்டு மண்ணில்லாத தடத்தில் 500 மைல் ஓடும் இண்டியானாபொலிஸ் 500ல் ஏழாவதாக வந்தவர்.

டயர் ஏன் வெடிக்கிறது என்று உங்கள் வகுப்பில் கேட்டால் 'தேய்ந்ததால்' என்பார்கள். பாதிதான் சரி. டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது, விலகியதும் மறுபடி வட்டமாகிறது. ஒவ்வொரு முறை மடங்கி நிமிரும்போதும் ரப்பருக்குள்ளேயும், அதில் பொதிந்த நூலடுக்குகளுக்கு இடையேயும் சூடு பிறக்கும். பிளிமத்தின் 6.70-15 டயர் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 750 முறை சுற்றும். 75 மைல் வேகத்தில் நொடிக்கு 15 முறைக்கு மேல் மடங்கல். பந்தயம் முழுக்க மூன்றே முக்கால் லட்சம் முறை. ரப்பர் சூட்டை எளிதில் வெளியே விடாது, உள்ளேயே சேர்த்து வைக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் ட்ரெட், அதாவது தரையைத் தொடும் மேல் ரப்பர், நூலடுக்கை விட்டுப் பிரியும். வெளியே ட்ரெட்டின் மேடு (பட்டன்) பாக்கி இருக்கும்போதே உள்ளே வேலை முடிந்திருக்கும். நாமக்கல் லாரி ஓட்டுநர் சித்திரை வெயிலில் வண்டியை ஓரங்கட்டிக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்க்கிறாரே, அவருக்கு இந்தப் பாடம் நடத்த வேண்டியதில்லை. காற்று குறைந்தால் மடங்கல் கூடும், மடங்கல் கூடினால் சூடு கூடும்.

ஓவல் தடத்தில் இடப்பக்கமே திரும்புவதால் பாரமெல்லாம் வலப்பக்கம் சாயும். அன்றைய கார்களில் கனமான எஞ்சின் முன்னால். ஆகவே முதலில் சாவது வலது முன் டயர். அது தேயத் தேய வண்டி திரும்ப மறுக்கும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பார். ஒடித்தால் டயர் குறுக்கே இழுபட்டு இன்னும் சூடாகும். இந்தச் சுழலில் மாட்டினால் பத்து சுற்று தாங்காது.

சக்தி சக்தி என்கிறீர்களே, அது டயருக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். டர்னர் தகுதிச் சுற்றில் எடுத்த வேகம் மணிக்கு 82.034 மைல். மான்ட்ஸ் பந்தயம் முழுக்க எடுத்த சராசரி 75.250. வளைவில் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆக அங்கேயே கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுதல். பிளிமத் ஏறத்தாழ 1,400 கிலோ, கெடிலாக் 1,700 கிலோவுக்கு மேல். இரண்டையும் பெருக்கினால் கெடிலாக்கின் டயர்கள் வளைவில் சுமப்பது பிளிமத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ரெட் பைரன் ஓட்டியது அப்படி ஒரு கெடிலாக். 1949ன் சாம்பியன், போரில் கால் சிதைந்தும் ஓட்டியவர், அன்று களத்தில் இருந்த மிகச் சிறந்த கைகளில் ஒன்று. இரண்டு டஜன் டயர் தின்ற வண்டியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அதை நீங்கள் தோல்வி என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அது வருத்தம்.

மான்ட்ஸ் போட்டது லாரி டயர். இதைக் கேட்டதும் 'கெட்டி டயர், அதனால் தேயவில்லை' என்று முடித்துவிடுவார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. அன்றைய கார் டயரில் நான்கு நூலடுக்கு, லாரி டயரில் ஆறோ அதற்கு மேலோ. கனத்த பாரத்துக்குச் செய்த டயரை 1,400 கிலோ வண்டியில் மாட்டினால் அது மடங்குவதே குறைவு. ஆகவே சூடும் குறைவு. ரப்பரும் கடினம் என்பதால் தார் சுலபத்தில் உரிக்காது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: கடின ரப்பருக்குப் பிடிப்பு குறைவு. அதே டயரைக் கெடிலாக்கில் மாட்டி 82ல் ஓட்டினால் வளைவில் வெளியே போய்த் தடுப்பில் மோதும். ட்ரெட் தடிமனாக இருப்பதால் அந்த வேகத்தில் சூடும் வேறுவிதமாகச் சேரும். பிளிமத்தின் 97 ஹெச்பியோ வளைவுக்கு அவ்வளவு வேகமாக வந்து சேரவே முடியாது. அதனால் அந்தப் பிடிப்புக் குறைவு மான்ட்ஸுக்கு நஷ்டமில்லை. அந்த எஞ்சினும் அந்த டயரும் ஒன்றுக்கொன்று பொருந்தின. எஞ்சினை மட்டும் பெரிதாக்கியிருந்தால் அன்று அவரும் மற்றவர்களோடு ஓரத்தில் நின்றிருப்பார்.

இப்போது நேரக் கணக்கு. 82.034 மைல் வேகத்தில் ஒரு சுற்றுக்கு 54.9 நொடி. 75.250ல் 59.8 நொடி. சுற்றுக்கு ஐந்து நொடி வித்தியாசம், 400 சுற்றுக்கு 33 நிமிடம். அதாவது நிற்காமல் ஓட முடிந்தால் வேகக்காரன் 33 நிமிடம் முன்னால் வர வேண்டும். அந்தக் காலத்துக் கார்களோடு கொடுத்த ஜாக்கி பம்பரில் மாட்டித் தூக்குவது. வண்டியைத் தூக்கி, சக்கரம் கழற்றி, மாட்டி, மறுபடி வேகம் பிடிக்க மூன்று நிமிடம் என்று வையுங்கள். பதினோரு முறை நின்றால் 33 நிமிடமும் போயிற்று. பன்னிரண்டாவது முறையிலிருந்து நஷ்டக் கணக்கு. வெடித்த டயரோடு பாதிச் சுற்று ஊர்ந்து வரும் நேரத்தையும், ரிம் நெளிந்தால் ஆகும் தாமதத்தையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. பிளிமத்தில் சக்கரத்தை இறுக்குவது நட்டு அல்ல, போல்ட். ஃபோர்டில் ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தைத் தூக்கி அதில் தொங்கவிட்டு நட்டைப் போட்டுவிடலாம். பிளிமத்தில் சக்கரத்தைக் கையில் தாங்கி, ஓட்டைக்கு ஓட்டை நேராகப் பிடித்து, முதல் போல்ட்டைத் திருகும்வரை விட முடியாது. இடப்பக்கத்துச் சக்கரங்களுக்கு இடமரை வேறு. பதற்றத்தில் வழக்கம்போலத் திருகினால் கழற்ற வேண்டிய போல்ட் இறுகும். சக்கரம் மாற்ற மிக மோசமான வண்டி. அப்படிப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டு சக்கரமே மாற்றாமல் ஓட்டத் திட்டமிட்டதில்தான் அவருடைய தலை இருக்கிறது.

மற்றவர்கள் கொண்டுவந்த டயர் தீர்ந்ததும் மைதானத்துக்குள் நின்ற பார்வையாளர்களின் கார்களிலிருந்து கழற்றிப் போட்டார்கள். ஏறக்குறைய 25,000 பேர் வந்திருந்தார்கள், டயருக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெடித்ததும் அதே சாலை டயர், மாட்டியதும் அதே சாலை டயர். பாரத்தையோ வேகத்தையோ குறைக்காமல் டயரை மட்டும் மாற்றினால் அடுத்த வெடிப்புக்கு நேரம் குறித்துவிட்டுக் கிளம்புகிறீர்கள் என்று அர்த்தம். மான்ட்ஸ் 6 மணி 38 நிமிடத்தில் முடித்து 10,510 டாலர் வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தொடரில் அவருக்கு அதுதான் ஒரே வெற்றி.

இதே கணக்கு 1955லும் வந்தது. ஸ்மோக்கி யூனிக் தயார் செய்த இலகுவான செவர்லேயில் ஹெர்ப் தாமஸ் டார்லிங்டனை வென்றார். இரண்டாவதும் செவர்லே. சக்தியும் எடையும் கூடிய கிறைஸ்லர் 300 மூன்றாவது. தனிப் பந்தய டயர், டயருக்குள் பாதுகாப்புக்கு இன்னொரு சிறு டயர் எல்லாம் பிறகு வந்தன. தொடக்கம் என்று நான் எழுதியது இதனால்தான். டயரை ஒரு பொருட்டாக எண்ணாமல் வந்த கடைசிக் கூட்டம் அது.

உங்கள் வண்டிக்கு வருவோம். ஆறிய டயரில் நான்கு சக்கரத்துக்கும் காற்றை அளந்து எழுதுங்கள். பத்து சுற்று ஓட்டி, மெதுவாக ஓட்டி ஆறவிடாமல் நேராக உள்ளே வந்து மறுபடி அளங்கள். கூடவே ட்ரெட்டின் உள்ஓரம், நடு, வெளிஓரம் மூன்று இடத்திலும் சூட்டை அளக்க வேண்டும். ரப்பருக்குள் குத்திப் பார்க்கும் ஊசி முனைக் கருவி வாங்குங்கள். தூரத்திலிருந்து காட்டும் துப்பாக்கிக் கருவி மேல்தோலைத்தான் பார்க்கும், அது நிற்பதற்குள் ஆறிவிடும். நடு மட்டும் சுட்டால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சுட்டால் காற்று குறைவு. வெளிஓரம் மட்டும் சுட்டால் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் சாய்வு) போதவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதுவும் ஒரே சக்கரத்தில். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று எனக்கு எழுதாதீர்கள். பந்தய நீளம் முழுக்க ஓட்டிய பிறகு வலது முன், இடது முன் இரண்டையும் கழற்றி உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நூலடுக்கில் ஒரு புடைப்பு தட்டுப்பட்டாலும் அந்த டயரை அறுத்துப் போட்டுவிடுங்கள், ஸ்டெப்னியாகக்கூட வைக்க வேண்டாம்.