நேரில் பார்த்தே இராத ஒரு ஹைஃபை விமர்சகர் இறந்ததற்கு இத்தனை பேர் ஏன் துக்கம் கொண்டாடுகிறார்கள்?

கேள்வியில் கொஞ்சம் நக்கல் தெரிகிறது. பரவாயில்லை. உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் ஆர்ட் டட்லி பேரைச் சொல்லிப் பெருமூச்சு விட்டிருப்பார். ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எழுதுகிற ஆளுக்கா இவ்வளவு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்தப் பெருமூச்சு ஆசாமிகளில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: டட்லி அமெரிக்கர். 1990களில் 'லிஸனர்' என்று ஒரு சிறு பத்திரிகையைத் தொடங்கினார். அது 2002ல் நின்றுபோனது. பிறகு 'ஸ்டீரியோஃபைல்' என்ற ஹைஃபை பத்திரிகையில் வருடக்கணக்காகப் பத்தி எழுதினார். கிடார் வாசிப்பார். 2020 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார். உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதம் அது. சாவுச் செய்திகளுக்குப் பஞ்சமில்லாத நாட்களில் இந்த ஒன்றால் மட்டும் எனக்கு இரண்டு நாள் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

மற்ற விமர்சகர்களைப் படித்தால் வயலின் எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை அடி பின்னால் நிற்கிறது என்று அளந்து சொல்வார்கள். டட்லிக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. கம்பியில் விரல் விழுகிற அழுத்தம் தெரிகிறதா, தாளம் ஆளை முன்னே தள்ளுகிறதா, இதுதான் அவர் கவலை. அதற்காகவே சில வாட் மட்டும் தருகிற வால்வு ஆம்ப்ளிஃபயர், ஆல்டெக் கம்பெனியின் பழைய ஹார்ன் ஸ்பீக்கர், தோரன்ஸ் டிடி 124, கேரார்டு 301 என்கிற பழைய டர்ன்டேபிள்கள் (தட்டைச் சுழற்றுகிற கருவிகள்) என்று ஊரே ஓரங்கட்டிய சாமான்களோடு குடித்தனம் நடத்தினார்.

இப்போதே இரண்டு பேர் கிளம்பி வருவார்கள், 'எல்லாம் மனப்பிரமை, எந்தச் சாமான் பாடுகிறது என்று சொல்லாமல் கண்ணைக் கட்டிவிட்டுச் சோதித்தால் சாயம் வெளுத்துவிடும்' என்று. ஐயா, நானும் பாதி உங்கள் கட்சிதான். 1962ல் ஸ்டீரியோஃபைலைத் தொடங்கிய ஜே. கோர்டன் ஹோல்ட்டே, அந்த மாதிரிச் சோதனைக்கு உடன்படாததால் இந்தத் துறை 1980களிலேயே மதிப்பை இழந்துவிட்டது என்று கடைசிக் காலத்தில் கடுமையாகச் சொன்னவர். கரன்ட் வயரை மாற்றினால் பாட்டு மாறும் என்பதை நான் இன்றுவரை நம்பவில்லை. டட்லி எழுதியதிலும் நான் ஏற்காதது நிறைய உண்டு. ஆனால் இனி சொல்லப்போவது பிரமைக் கணக்கில் வராது.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958ல். அதற்கு முந்தியதெல்லாம் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. மோனோ தட்டுக்கு மோனோ கார்ட்ரிட்ஜ்தான் (முள்ளின் அசைவை மின்சாரமாக்குகிற சின்னப் பெட்டி) போட வேண்டும் என்று டட்லி திரும்பத் திரும்ப எழுதுவார். முதலில் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கவே முழி பிதுங்குகிறது, இதில் பழைய தட்டுக்குத் தனியாக ஒன்றா? விற்கிறவனுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

அப்பா வைத்திருந்த தட்டுகளில் ஒரு வயலின் தட்டு, மோனோ. அவர் தேயத் தேயக் கேட்டது. என் செட்டில் போட்டால் இரண்டு ஸ்பீக்கரிலும் சடசடவென்று எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி இருக்கும். வயலின் அதற்குள் எங்கேயோ ஒல்லியாக இழுத்துக்கொண்டிருக்கும். தட்டு முடிந்த கதை என்று உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து டெனான் டிஎல்-102 ஒன்று கைக்கு வந்தது. மோனோ கார்ட்ரிட்ஜ். பின்னால் இரண்டே பின். கார்ட்ரிட்ஜைத் தாங்குகிற கையான டோன்ஆர்மிலிருந்து வருவதோ நான்கு வயர்: சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம். சிவப்பையும் வெள்ளையையும் ஒரு பின்னில் சேர்த்தேன், பச்சையையும் நீலத்தையும் இன்னொன்றில். சொல்ல எளிது. தலைமுடி கனத்து வயரைச் சாமணத்தில் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்தால் கிளிப் ஒன்று உடைந்து கையோடு வந்தது. பற்றவைத்து மறுபடி மாட்டினேன். முள் தட்டின் மேல் அழுந்துகிற பாரத்தை 3 கிராமுக்கு வைத்தேன். சத்தத்தைக் கூட்டினால் உம்மென்று ஒரே இரைச்சல். பச்சை, நீலம் என்ற இரண்டு எர்த் வயரும் ஒன்றாகச் சேர்ந்ததால் வந்த வினை. பச்சையைக் கழற்றி டேப் சுற்றி ஓரமாக விட்டேன். அடங்கியது.

அப்புறம் வயலின் தட்டைப் போட்டேன். மோனோ தட்டில் இசை முழுக்க முள் ஓடுகிற பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழும் முள் துள்ளுவது தூசியாலும் தேய்மானத்தாலும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் அந்தத் துள்ளலையும் சேர்த்துச் சத்தமாக்கித் தருகிறது. மோனோ அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. சடசடப்பு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். முக்கால்வாசி போனது. நடுவில் வயலின் சதையோடு நின்றது. வில்லைத் திருப்பும் இடத்தில் ஒரு சின்ன உரசல், அது வரைக்கும் கேட்டது. தட்டு முடிந்து முள் உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்ததை நான் வெகுநேரம் கவனிக்கவில்லை.

அப்பாவின் மற்ற தட்டுகள் எங்கே என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன். அண்ணன் எடைக்குப் போட்டுவிட்டான். இருநூறுக்கு மேல் இருந்தது, எனக்கு மிஞ்சியது 11. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் 'இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சுடா' என்கிறான். போன வருடம் அவனே பெட்டி மாதிரி மூடுகிற ஒரு டர்ன்டேபிள் வாங்கி, கூடத்தில் வைத்து, படம் எடுத்துப் போட்டிருக்கிறான். வினைல் பிரியராம். அதில் முள் பாரம் எவ்வளவு என்று கேட்டேன். முள்ளுக்கு பாரமா என்றான். சரி, விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். விமர்சகர் என்றால் எதை வாங்கலாம் என்று சொல்பவர் என்று நினைக்கிறீர்கள். டட்லி சிபாரிசு செய்த ஆம்ப்ளிஃபயரோ ஸ்பீக்கரோ ஒன்றுகூட என்னிடம் இல்லை, வாங்குகிற வசதியும் இல்லை. டிஎல்-102ஐக்கூட அவர் சொல்லி வாங்கவில்லை. மாதாமாதம் ஒருவர் கூடவே உட்கார்ந்து 'இதைக் கவனி, அதை விடு' என்று சொல்லிக்கொண்டே வருகிறார், நாமும் மனதுக்குள் மல்லுக்கு நின்றுகொண்டே கேட்கிறோம். ஒரு நாள் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இறந்தால் வருந்தலாம், இவருக்கு வருந்தக் கூடாதா?

அந்த ஏப்ரலில் செய்தி பார்த்த இரவு வயலின் தட்டைத்தான் எடுத்தேன். டோன்ஆர்ம் நுனியில் கார்ட்ரிட்ஜ் மாட்டுகிற ஹெட்ஷெல்லில் அன்று ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இருந்தது. மாற்ற அரை மணி நேரம் பிடித்தது. போடுவதற்குள் வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்து முள் தானாகப் பாடுகிற அந்தச் சன்னமான சத்தத்தை ஒரு பக்கம் முழுக்கக் கேட்டேன்.